செக்ரோலில் ஏழு கோடுகள்

தீர்த்தான் என்ற பெயருக்கு நேராக
நான் போட்ட கோடுகள் ஏழு.
வரவில்லை என்று பொருள்.
வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றும் பொருள்.
இருபத்தெட்டு ஐப்பசியில் முதல் கோடு,
மறு ஆவணியில் கடைசி.
ஒரு ஜாக்கியின் உத்தியோகம் முழுக்க
அதற்குள் முடிந்துபோனது.

சுங்கை சிப்புட்டுக்கு மேற்கே எங்கள் தோட்டம்.
துரை லாயத்தில் அவன் குதிரைக்காரன்.
இருட்டோடு பெரட்டுக்களத்தில் நான் பேர் வாசிக்கையில்
பால்மர நிரைகளுக்குள் அந்தச் சாம்பல் குதிரை
வடிகால்களைத் தாண்டும் சத்தம் கேட்கும்.
நாலு அடி. ஒரு மௌனம்.
நாலு அடி.

ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தது.
துரை வைத்த பெயர் லயத்தார் வாயில் நுழையவில்லை,
மாவுக்கல் என்றார்கள்.
அதுவும் மாவுக்கல்லுக்குத்தான் காதைத் திருப்பியது.

தைப்பிங் பந்தயத்துக்கு முதல்நாள்
வெள்ளைக்கார ஜாக்கிக்குக் குளிர்காய்ச்சல்.
பால் கொட்டகைத் தராசில், வாளி மாட்டும் கொக்கியில்
இரண்டு கையாலும் தொங்கினான் தீர்த்தான்.
தொண்ணூற்றெட்டு ராத்தல்.
(வாளிக்கு இரண்டு ராத்தல் குறைத்து எழுதுவது என் வழக்கம்.
அன்று குறைக்கவில்லை.)
நூற்று முப்பது வேண்டும்.
தேயிலைப் பெட்டி ஈயத்தகட்டை மடித்து மடித்துச்
சேணத்துணியில் செருகினோம்.
"எங்க மூக்காயி இந்தக் கனந்தான் இருப்பா, கிராணியாரே,"
என்றான்.

முதல் கோட்டில் மூன்றாவது.
இரண்டாவதில் விழுந்து, எழுந்து, ஏறி,
எல்லாரும் போன பிறகு வந்து சேர்ந்தான்.
கூடாரத்தில் சிரித்துக்கொண்டே கைதட்டினார்களாம்.
மூன்றும் நாலும் வெற்றி.
சாராயக்கடைத் தவுக்கே பத்து வெள்ளி கட்டி
நூற்றுப்பத்து எடுத்து,
அவனுக்கு ஒரு கட்டு சுருட்டு அனுப்பினார்.
ஐந்தைப் பற்றி எனக்குத் தெரியாது. மழை என்றார்கள்.
ஆறிலும் வெற்றி. அந்தத் தாளைப் பார்த்தேன்:
ஜாக்கி என்ற கட்டத்தில் சைஸ் என்று அச்சிட்டிருந்தது.
இன்னொரு குதிரைக்கும் சைஸ் என்றே.
ஆக, அந்தப் பந்தயத்தில் சைஸ் முதலாவதாகவும் வந்தான்,
நாலாவதாகவும் வந்தான்.

ஏழாவது ஈப்போவில்.
நான் நேரில் பார்த்த ஒன்றே ஒன்று.
எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு.
கடைசித் தட்டிக்கு ஓரடி முன்னதாகவே
மாவுக்கல் எழும்பிவிட்டது.
நாலு அடி. மௌனம்.
மௌனம்.
பிறகு ஒரு துப்பாக்கிச் சத்தம், குதிரைக்கு.
அவனைக் கதவுப் பலகையில் தூக்கிப் போனார்கள்,
கையில் கடிவாளத் துண்டு.
சேற்றில் சிதறிய ஈயத்தைக் கம்பத்துப் பையன்கள்
தூண்டிலுக்காகப் பொறுக்கினார்கள்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது, அதற்கு ஈப்போ எதற்கு?
துரை சீமைக்குப் போனார்.
முழங்கால் மடங்காதவன்
அடிப்பட்டையில் எப்படிக் குனிந்து சீவுவான்?
நாகப்பட்டினக் கப்பலுக்குப் பேர்ப்பட்டியல் கேட்டார்கள்.
எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும்.

ஏழு நாள் சம்பளம் மூன்று வெள்ளி ஐம்பது காசு
என் சட்டைப்பையில் இருந்தது,
கொடுக்க நினைத்தேன் என்றுதான் எழுத முடியும்,
கொடுத்தேன் என்று அல்ல.

லாரியில் மூக்காயி அவன் மடியில்.
நான் அவனிடம் என்ன பேசுவது?
ஐந்தாவது என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.
"பேய்மழை, கிராணியாரே. தட்டியே தெரியல.
கண்ண மூடிக்கிட்டேன்.
அதுவா எண்ணிச்சு, அதுவா ஏறிச்சு,
எனக்கு வேலையே இல்ல."

எத்தனையாவதாக வந்தாய் என்று நான் கத்தியது
லாரியின் இரைச்சலில் அவனுக்குக் கேட்டிருக்காது.